அரை ஷிப்ட்டை விட்டுட்டு கம்ப்யூட்டர் கிளாஸ் போனா கட்டுபடி ஆகுமா?

கேள்வி: பல்லடத்துத் தம்பி ஒருத்தர், 18.07.2023

வயசு 24. பனியன் கம்பெனியில ஸ்டோர்ல இருக்கேன். நூல், பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாத்துக்கும் வரவு செலவு நோட்டுலதான். கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு வந்தா சம்பளம் ஏத்தித் தர்றோம்னு சொல்றாங்க. பக்கத்துக் கல்லூரியில ஆறு மாச சான்றிதழ் படிப்பு, சாயங்கால வகுப்பு. வேலையையும் பார்த்துட்டுப் படிச்சா ரெண்டும் கெட்டுப்போகும்னு தோணுது. ஆறு மாசம் வேலையை விட்டுட்டு ஒழுங்கா படிச்சு முடிச்சா என்ன? போனவங்க யாராவது சொல்லுங்க.

18.07.2023, இரவு 10.50

விடாதீங்க தம்பி. நான் இப்ப கிளாஸ்ல இருந்து வந்து, மாவு வழிச்சு வெச்சுட்டு எழுதுறேன். மூணாவது வாரம் நடக்குது. வயசு 36. செக்கிங் டேபிள்ல ஒன்பது வருசம் நின்னேன். கையெழுத்து நல்லா இருக்குன்னு, ஆளுங்க வருகையும் சம்பளக் கணக்கும் பார்க்கிற டைம் ஆபீசுக்கு மாத்தினாங்க. கம்ப்யூட்டர் பார்த்துட்டு இருந்த பொண்ணு கல்யாணம் ஆகி மதுரைக்குப் போயிருச்சு. மேனேஜர் "நீயே கத்துக்க, டைம் ஆபீஸ் உனக்குத்தான்"னு சொன்னார். ஃபீஸ் கட்டுறேன்னு சொல்லலை.

வேலையை விட்டா படிக்கிறது மறந்துபோகும். கத்துக்கிட்டதை மறுநாள் காலையில செஞ்சு பார்க்க ஒரு ஸ்டோர் வேணுமில்ல? அது உங்ககிட்ட இருக்கு. காலேஜ் பசங்களுக்கு அது இல்லை.

19.07.2023, மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்துல கணக்குப் போட்டேன். நேத்து எழுதினது கொஞ்சம் சுலபமா சொல்லிட்ட மாதிரி இருக்கு.

என் ஷிப்ட் 520 ரூபா. காலை எட்டரைக்கு உள்ள போனா அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட். எட்டரை வரைக்கும் இருந்தா ஒன்றரை. கிளாஸ் செவ்வாய், வியாழன், சனி, ஆறுல இருந்து ஏழரை. அதாவது செவ்வாயும் வியாழனும் அரை ஷிப்ட் போச்சு (சனிக்கிழமை கதை வேற, அப்புறம் சொல்றேன்). ஒரு நாளைக்கு 260. வாரத்துக்கு 520. இருபத்திநாலு வாரத்துக்கு 12,480 ரூபா.

காலேஜ் ஃபீஸ் 4,500.

ஃபீஸ் எவ்வளவுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. வீட்டுக்காரர் உட்பட. அந்த இன்னொரு எண்ணை நான் இன்னும் அவர்கிட்ட சொல்லலை. அவர் ஓவர்லாக் டெய்லர், மனக்கணக்குல என்னை விட வேகம், எப்படியும் போட்டு வெச்சிருப்பார்.

23.07.2023, ஞாயிறு

கிளாஸ் எப்படி இருக்குன்னு கேட்டிருக்கீங்க. லேப்ல இருபது கம்ப்யூட்டர், ஓடுறது பதினாறு. ஆள் இருபத்திரெண்டு. காலேஜ் பசங்க பாதி, வேலைக்குப் போறவங்க பாதி. மேடத்துக்கு 26 வயசு இருக்கும். என்னை "அக்கா"ன்னு கூப்பிடுறாங்க, நான் "மேடம்"னு கூப்பிடுறேன். அவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கு, எனக்கும் ஒரு மாதிரி இருக்கு, ரெண்டு பேரும் அப்படியே ஓட்டுறோம்.

முதல் வாரம் பூரா மவுஸ். பிசுறு வெட்டுற கத்தரியை ஒன்பது வருசம் பிடிச்ச கை இது, மவுஸை அதே மாதிரி இறுக்கிப் பிடிக்குது. டபுள் கிளிக் பண்றதுக்குள்ள படம் நகர்ந்து போயிரும். பக்கத்துல இருந்த பையன் "மெதுவாங்க்கா, அது எங்கயும் ஓடாது"ன்னான்.

ஏழரைக்கு முடிஞ்சு பஸ் ஸ்டாண்ட் வந்து, ரெண்டாவது பஸ் பிடிச்சு, வீடு போய்ச் சேர எட்டேமுக்கால். கம்பெனியில இருந்திருந்தாலும் அதே நேரம்தான். பொண்ணு ஒன்பதாவது படிக்குது. அதுக்கு வித்தியாசமே தெரியலை.

05.08.2023, சனி இரவு 11.15

இன்னைக்கும் போகலை. அஞ்சு சனிக்கிழமை ஆச்சு, ஒண்ணுக்குக் கூடப் போகலை.

திருப்பூர்ல இருக்கிறவங்களுக்கு விளக்க வேண்டாம், மத்தவங்களுக்குச் சொல்றேன். இங்க சம்பளம் சனிக்கிழமை. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து எங்க கம்பெனியில 212 பேர். பாதிக்கு மேல கையில பணம். டைம் ஆபீஸ்ல உக்காந்து ஒவ்வொருத்தருக்கும் ஷிப்ட் கூட்டி, முன்பணம் கழிச்சு, கவர்ல பேர் எழுதி, பணம் எண்ணி வெச்சு, கையெழுத்து வாங்கி முடிக்க ஒன்பது மணி. சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளாஸ் வெச்ச புண்ணியவான் இந்த ஊர்ல சம்பளமே வாங்காதவரா இருக்கணும்.

மொத்தம் 72 வகுப்பு. பரீட்சை எழுத 75 சதவீதம் வரணும்னு விதி, அதாவது 54. சனிக்கிழமை பூரா விட்டா 48. ஒரு நாள் கூட காய்ச்சல் வராம இருந்தாலும் ஆறு குறையுது.

06.08.2023

"இதுக்கு எதுக்கு காலேஜ், யூடியூப் பார்த்தா போதாதா"ன்னு ஒருத்தர். பார்த்துருக்கேன் சார். பம்பாய் ஐஐடியோட ஸ்போக்கன் டுடோரியல்ல லிப்ரே ஆபீஸ் (எக்செல் மாதிரி வேலைக்கான இலவச மென்பொருள்) பாடம் தமிழ்லயே இருக்கு, காசும் இல்லை. நல்லா இருக்கு. ஆனா அதைப் பார்த்துட்டே செஞ்சு பார்க்க வீட்டுல கம்ப்யூட்டர் வேணும். கம்பெனி கம்ப்யூட்டர்ல வீடியோ பார்த்தா மேனேஜர் பின்னாடி வந்து நிப்பார். போன்ல பார்த்துட்டே தூங்கினது நாலு நாள், போன் மூஞ்சியில விழுந்தது ரெண்டு நாள்.

காலேஜ்ல எனக்குக் கிடைக்கிறது பாடம் மட்டும் இல்லை. ஒன்றரை மணி நேரம், ஒரு நாற்காலி, "இந்த நேரத்துல அவ கிளாஸ்ல இருக்கா"ன்னு மத்தவங்க ஒத்துக்கிறது.

(பல்லடத்துத் தம்பி, நீங்க சேர்ந்தீங்களா இல்லையான்னே சொல்லலை.)

17.08.2023, வியாழன் இரவு

இன்னைக்கு நடந்ததை எழுதாம தூக்கம் வராது.

எக்செல்ல நேரத்தைக் கழிக்கிறது சொல்லிக் குடுத்தாங்க. வந்த நேரம் ஒரு கட்டம், போன நேரம் ஒரு கட்டம், ரெண்டையும் கழிச்சா எத்தனை மணி நேரம்னு வந்துரும். நமக்கு வேண்டியதே இதுதானேன்னு, ஒரு வார மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) நோட்டுல எழுதிட்டுப் போயிருந்தேன். அஞ்சு பேருக்குப் போட்டேன். ஆறு நாளையும் கூட்டினேன்.

ஓவர்லாக் டெய்லர் ஒருத்தர், திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஒரு நாள் விடாம எட்டரைக்கு வந்து எட்டரைக்குப் போனவர். அவருக்குக் கூட்டுத்தொகை பூஜ்யம். மூணு நாள் லீவு போட்ட ஆளுக்கு 12 மணி நேரம் காட்டுது. வாரம் பூரா முதுகொடிஞ்ச ஆளுக்கு 0:00.

மூணு தடவை அழிச்சுப் போட்டேன், அப்பவும் பூஜ்யம். நான்தான் தப்புன்னு நினைச்சு மேடத்தைக் கூப்பிடவே இல்லை. கடைசியில அவங்களே வந்து பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "அக்கா, இது கடிகாரம். 24 தாண்டுனா மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். 72 மணின்னா மூணு முழு நாள், அதான் மிச்சம் பூஜ்யம்"னாங்க. அந்தக் கட்டத்தைச் சாதா எண்ணா மாத்தச் சொன்னாங்க. மாத்தினா 3-ன்னு நின்னுச்சு. மூணு நாள். 24-ஆல பெருக்கினேன், 72 வந்துச்சு. இன்னொரு வழியும் இருக்கு: நேர வடிவத்துல மணிக்கான எழுத்தை சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டா அது பாட்டுக்கு 72-ன்னே காட்டும்.

மூணு நாள் லீவு போட்டவருக்கும் 12 இல்லை, 36. அதுலயும் 24-ஐ முழுங்கியிருக்கு.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் அடிச்சா மிச்சம் பூஜ்யம்னு கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு பாரு"ன்னார்.

18.08.2023

நைட் ஷிப்ட்டுக்கு என்ன பண்றதுன்னு நிட்டிங்ல இருக்கிற அண்ணா கேட்டிருக்கார். ராத்திரி எட்டுக்கு வந்து காலையில எட்டுக்குப் போனா, போன நேரத்துல இருந்து வந்த நேரத்தைக் கழிக்கும்போது மைனஸ் ஆயிரும். எக்செல் மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாம கட்டம் பூரா வேலி போட்ட மாதிரி கோடு கோடா நிக்கும். போன நேரம் சின்னதா இருந்தா ஒரு நாளைக் கூட்டிக்கோன்னு நிபந்தனை போடணும். ஒண்ணுன்னா அதுக்கு ஒரு நாள், நேத்து படிச்சதுதான்.

31.08.2023

சனிக்கிழமைப் பிரச்சினைக்கு ஒரு வழி பிடிச்சிருக்கேன். சரியா வருமான்னு நாளன்னைக்குத் தெரியும்.

சம்பள நாள்ல நேரத்தைத் தின்னுறது கூட்டல் இல்லை, சில்லறை. பேங்க்ல இருந்து 500 எத்தனை, 200 எத்தனை, 100, 50, 20, 10 எத்தனை எடுக்கணும்னு முன்னாடியே சொல்லணும். நான் இதுவரைக்கும் குத்துமதிப்பாச் சொல்லுவேன். எட்டு மணிக்குப் பத்து ரூபா தீர்ந்து போகும். பேக்கரிக்கும் டீக்கடைக்கும் ஆள் ஓடும். அந்த ஒரு மணி நேரம் நூறு பேர் நிப்பாங்க.

செவ்வாய்க்கிழமை வகுப்புல வகுத்தா வர்ற முழு எண்ணை மட்டும் எடுக்கிறதும், மீதியை மட்டும் எடுக்கிறதும் சொல்லிக் குடுத்தாங்க. முதலாவது இன்ட், ரெண்டாவது மாட். எனக்கு உடனே சம்பளக் கவர்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. 4,680 ரூபா. அஞ்சு நூறால வகுத்தா முழுசு 9, மீதி 180. மீதியை இருநூறால வகுத்தா பூஜ்யம். நூறால 1, மீதி 80. ஐம்பது 1, மீதி 30. இருபது 1, பத்து 1. ஒருத்தருக்கு ஒரு வரிசை. அடியில கூட்டினா எந்த ரூபா நோட்டு எத்தனைன்னு வந்துருது.

மேடம் குடுத்த மாதிரித் தாள்ல இரண்டாயிரத்துக்கும் ஒரு பத்தி இருந்துச்சு. மே மாசமே ரிசர்வ் பேங்க் திரும்ப வாங்கிக்கிறோம்னு சொல்லியாச்சே மேடம்னு அதை அழிச்சேன். அவங்களுக்குச் சம்பளம் பேங்க்ல வருது, ஞாபகம் இல்லை.

02.09.2023, சனி இரவு 9.40

அஞ்சே முக்காலுக்குக் கவர் பூரா ரெடி. ஆறு அஞ்சுக்குக் கிளம்பினேன். கிளாஸ் பாதியில போனேன், மேடம் வருகை போட்டாங்க. முதல் சனிக்கிழமை.

03.09.2023

சந்தோசத்துல நேத்து ஒண்ணை விட்டுட்டேன். இந்தக் கணக்கு ரொம்பக் கம்மியான நோட்டுல பணத்தை முடிச்சுருது. ஆனா ஜனங்களுக்கு அது வேண்டாம். "ஒன்பது அஞ்சு நூறை வெச்சு என்னக்கா பண்ண, ரெண்டை மாத்திக் குடு"ன்னு வரிசையா கேக்குறாங்க. வீட்டு வாடகைக்கு அஞ்சு நூறு ஆகும், ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்கும் காய்கறிக்கும் நூறும் ஐம்பதும்தான் வேணும். அதனால முதல்ல ஆளுக்கு ஆயிரம் ரூபாயை ஒதுக்கி அதை நூறாக் கணக்குப் போட்டு, மிச்சத்துக்கு மட்டும் மேல சொன்ன கணக்கை ஓட்டுறேன். இது புத்தகத்துல இல்லை.

தம்பிக்கு: ஸ்டோர் நோட்டுல ஒரு வாரத்துக் கணக்கை அப்படியே பென் டிரைவ்ல போட்டு லேபுக்கு எடுத்துட்டுப் போங்க. நான் அப்படித்தான் செய்றேன். பாடம் சீக்கிரம் ஏறும்.

10.09.2023, ஞாயிறு

மேல கடைசியா எழுதினதை யாரும் கேக்காதீங்க.

வடக்கத்திப் பசங்களுக்கு எங்க கம்பெனியில சம்பளம் பேங்க்ல போகுது. கணக்கு எண் பட்டியல் பழைய நோட்டுல இருந்துச்சு. அதை எக்செல்ல ஏத்துறேன்னு வியாழக்கிழமை லேப்ல உக்காந்து அடிச்சேன். ஒவ்வொண்ணா சத்தமாப் படிச்சுச் சரிபார்த்தேன், நோட்டைப் பார்த்து, விசைப்பலகையைப் பார்த்து. திரையைப் பார்க்கலை. நேத்து அந்தப் பட்டியலை வெச்சுப் பணம் போட்டாச்சு.

பதினாலு பேருக்கு 16 இலக்கக் கணக்கு எண். அதுல பதிமூணு பேருக்குப் பணம் போகலை, கணக்கே இல்லைன்னு திரும்பி வந்துருச்சு. எக்செல் ஒரு எண்ணுல 15 இலக்கம் வரைக்கும்தான் வெச்சுக்கும். பதினாறாவதை சத்தமில்லாம பூஜ்யமா மாத்திரும். மணி அடிக்காது, சிவப்பு காட்டாது. 12 இலக்க ஆதார் எண்ணை அடிச்சா அது நடுவுல புள்ளி வெச்சு என்னமோ அறிவியல் மாதிரிக் காட்டும், அது வெறும் தோற்றம், உள்ள எண் பத்திரமா இருக்கும். இது அப்படி இல்லை, போனது போனதுதான்.

இன்னைக்குக் காலையில ஒடிசாப் பையன் ஒருத்தன் வீட்டு வாசல்லயே வந்து நின்னான். "தீதி, பைசா நஹி ஆயா" (அக்கா, பணம் வரலை). தங்கச்சிக்கு அனுப்பணுமாம். என் கைக்காசு ரெண்டாயிரம் குடுத்து அனுப்பினேன். நாளைக்குக் கம்பெனியில என்ன பேச்சு வாங்கப்போறேன்னு தெரியலை.

செய்ய வேண்டியிருந்தது ஒண்ணுதான்: அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாத்தியிருக்கணும். அடிச்ச பிறகு மாத்தினா பிரயோஜனம் இல்லை.

10.09.2023, கொஞ்ச நேரம் கழிச்சு

இன்னொண்ணு. இது ராத்திரிதான் உறைச்சுது. இத்தனை பேரோட கணக்கு எண்ணையும் பேரையும் நான் எதுக்கு ஊர் பேர் தெரியாத இருபத்திரெண்டு பேர் மாறி மாறி உக்காருற கம்ப்யூட்டர்ல அடிச்சேன்? அந்த பென் டிரைவை அடுத்த நாள் கம்பெனியில செருகினா கோப்பெல்லாம் ஷார்ட்கட்டா மாறி இருந்துச்சு, வைரஸ். லேபுக்குக் கணக்கோட அமைப்பை எடுத்துட்டுப் போங்க, ஆளுங்களை எடுத்துட்டுப் போகாதீங்க. பேருக்குப் பதிலா கத்தரிக்கா, முருங்கைக்கான்னு போட்டுக்கோங்க. இப்ப என் பயிற்சித் தாள்ல சுரைக்காய்க்கு வாரச் சம்பளம் 4,680.

11.09.2023

பதிமூணு பேருக்குப் போகலை, பதினாலாவது ஆளுக்கு எப்படிப் போச்சுன்னு கேட்டவருக்கு: அவன் எண்ணுல கடைசி இலக்கமே பூஜ்யம். எனக்கு வேலை போகாததுக்கும் அவனே காரணம்னு நினைக்கிறேன். மேனேஜர் கத்த ஆரம்பிக்கும்போது அவன் உள்ள வந்து "மேரா ஆ கயா சார்" (எனக்கு வந்துருச்சு சார்)னு சிரிச்சுட்டுப் போனான். மேனேஜரும் சிரிச்சுட்டார். அப்புறம் கத்தினார்.

26.09.2023

இந்தச் சான்றிதழை வெச்சு அரசு வேலைக்குப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. போகலாம்னுதான் நினைக்கிறேன், குரூப் 4-ல தட்டச்சருக்கு கம்ப்யூட்டர் சான்றிதழ் கேக்குறாங்களே.

28.09.2023

மேடத்துக்கிட்ட கேட்டுட்டேன், முந்தாநாள் சொன்னது தப்பு. தட்டச்சர் வேலைக்கு டைப்ரைட்டிங் பாஸ் பண்ணினதோட, தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்துற ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ் பரீட்சையைத்தான் கேக்குறாங்க. எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுல சி.ஓ.ஏ.ன்னு போர்டு வெச்சிருப்பாங்களே, அது. காலேஜ் தானே குடுக்கிற சான்றிதழ் அதுக்குச் செல்லாது. சேர்றதுக்கு முன்னாடியே "யார் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற சான்றிதழ்"னு கேட்டுருங்க. நான் கேக்கலை. எனக்கு டைம் ஆபீஸ் போதும், அதனால நஷ்டம் இல்லை. 24 வயசுக்காரர் கட்டாயம் கேக்கணும்.

டைப்ரைட்டிங் பத்தியும் ஒரு வார்த்தை. ஜூனியர் ஆங்கிலம் நிமிசத்துக்கு 30 வார்த்தை. பதினேழு வயசுல எங்க அம்மா சேர்த்துவிட்டாங்க, மூணு மாசத்துல நின்னுட்டேன். இன்னைக்கு லேப்ல அந்த மூணு மாசம்தான் கை குடுக்குது. பக்கத்துப் பையன் ரெண்டு விரல்ல கோழி கொத்துற மாதிரி கொத்துறான்.

23.10.2023, ஆயுத பூஜை

மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, டைம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் வெச்சாங்க. ஹெல்ப்பர் பொண்ணு குங்குமத்தை விசைப்பலகை மேலயே தூவிருச்சு. எண்டர் அமுங்கலை. சுண்டலைத் தின்னுட்டு ஒரு மணி நேரம் பிரஷ் வெச்சுத் துடைச்சேன். இது எந்தப் பாடத்திட்டத்துல இருக்கு?

09.11.2023

ரெண்டு வாரமா கிளாஸ் பக்கம் போகலை. தீபாவளி ஞாயித்துக்கிழமை. போனஸ் கணக்கு, ஊருக்குப் போறவங்க முன்பணக் கணக்கு, கடைசி ஷிப்மெண்ட். இந்த நேரத்துல அரை ஷிப்ட்டை விடுறேன்னு சொன்னா ஒரேயடியா விட்டுறச் சொல்லிருவாங்க. சனிக்கிழமையும் சேர்த்தா ஆறு வகுப்பு போகும். அப்புறம் காலேஜும் ஒரு வாரம் லீவு.

தம்பி, வேலையும் படிப்பும் சேர்த்து ஓட்டலாம்னு ஜூலையில அடிச்சுச் சொன்னேனே, அது ஆர்டர் இல்லாத மாசத்துல சொன்னது.

26.11.2023, ஞாயிறு

முதல்ல ஒரு திருத்தம். ஜூலையில 12,480 ரூபா நஷ்டம்னு எழுதினேன். அது தப்பு.

நேத்து என் பேருக்கு நேரா இருக்கிற மஸ்டர் ரோலை எடுத்து வெச்சுப் பார்த்தேன். இதுவரைக்கும் கிளாஸுக்குப் போன செவ்வாய், வியாழன் மொத்தம் 33. அந்த 33-ல கம்பெனியில அரை ஷிப்ட் ஓடினது 19 நாள்தான். மிச்ச நாள் ஆர்டர் இல்லாம அஞ்சரைக்கே எல்லாரையும் அனுப்பிட்டாங்க. கிளாஸ் இல்லாட்டி வீட்டுக்கு வந்து சீரியல் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். 19-ஐ 260-ஆல பெருக்கினா 4,940. இன்னும் மிச்சம் இருக்கிற எட்டு நாளும் அரை ஷிப்ட் ஓடுதுன்னே வெச்சாலும் 7,020.

பஸ் காசை அப்பவும் சேர்க்கலை, இப்பவும் சேர்க்கலை. சேர்த்தா அழுகை வரும்.

வீட்டுக்காரர்கிட்ட இப்பதான் காட்டினேன். அவர் ஜூலையிலயே பதிமூவாயிரம்னு நினைச்சு வெச்சிருந்தாராம். "கேட்டா நீ நின்னுருவேன்னு கேக்கலை"ன்னார்.

தம்பி வேலையை விட்டுட்டதா எழுதியிருக்கீங்க, செப்டம்பர்லயே. நான் திட்டமாட்டேன். ஆனா ஒண்ணு பாருங்க. உங்களுக்குப் பாடம் எல்லாம் தெரியுது, என்னை விட நல்லாவே. "எதுல போட்டுப் பார்க்கிறதுன்னு தெரியலை"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பழைய ஸ்டோர்ல போய், சம்பளம் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் நூல் கணக்கை ஏத்தித் தர்றேன்னு கேளுங்க. சம்பளம் வேண்டாம்னு சொன்னது தப்போ? அரைச் சம்பளம் கேளுங்க. இங்க இலவசமாச் செஞ்சா அதுவே பழக்கமாயிரும்.

12.12.2023

இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்கு. இதுக்கு ஒரு தனிக் குறிப்பு தேவை, ஏன்னா டைம் ஆபீஸ்ல இருக்கிற பல பேர் இதுல முழிக்கிறாங்க.

தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. 2019 ஜூலையில இருந்து இதுதான். அடுத்த மாசம் 15-க்குள்ள கட்டணும். என் தாள்ல வந்த தொகைக்கும் இணையதளத்துல வர்ற தொகைக்கும் 94 ரூபா வித்தியாசம். ஆடிட்டர் ஆபீஸ் பையன் "சின்ன வித்தியாசம் விடுங்கக்கா"ன்னான். 94 ரூபாயை நான் செக்கிங்ல சம்பாதிக்க எத்தனை பீஸ் பார்க்கணும் தெரியுமா?

என் கணக்கையே எடுத்துப் பார்த்தேன். 26 ஷிப்ட், 13,520 ரூபா. 0.75 சதவீதம் 101 ரூபா 40 பைசா. நான் கிளாஸ்ல படிச்ச ரவுண்டைப் போட்டிருந்தேன், அது 101-ன்னு சொல்லுது. இஎஸ்ஐல பைசா இருந்தாலே அடுத்த முழு ரூபாய்க்குத் தூக்கிரணும், 102. ரவுண்ட்அப்னு இன்னொண்ணு இருக்கு, அதைப் போட்டதும் 94 மறைஞ்சுது. 40 பைசா மாதிரி பாதிக்குக் கீழ நிக்கிற 94 பேர், ஆளுக்கு ஒரு ரூபா. பிஎஃப்-க்கு (வருங்கால வைப்பு நிதிக்கு) இப்படித் தூக்கக் கூடாது, அதுக்குச் சாதா ரவுண்ட்தான். ரெண்டையும் ஒரே பத்தியில காப்பி பண்ணினா மாட்டிக்குவீங்க.

இன்னைக்கு வகுப்புல இதை நான் போர்டுல எழுதிக் காட்டினேன். மேடம் கடைசி பெஞ்சுல உக்காந்து குறிச்சுக்கிட்டாங்க.

23.12.2023

கடைசி வகுப்பு. வருகை 55. தேவை 54. அந்த ஒண்ணு செப்டம்பர் ரெண்டாம் தேதி பாதியில போனதுன்னு நினைச்சுக்கிறேன்.

07.01.2024, ஞாயிறு

பரீட்சை நேத்தும் இன்னைக்கும். எழுத்துத் தேர்வுல கம்ப்யூட்டர் தலைமுறைகள் கேட்டாங்க, அஞ்சுல மூணு எழுதினேன். செய்முறையில சம்பளப் பட்டியல் தயார் பண்ணச் சொன்னாங்க. பத்து ஊழியர், அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம். இருபது நிமிசத்துல முடிச்சுட்டு, வெளியில இருந்து வந்த சார்கிட்ட "சார், இதுல பிடித்தத்துக்கு ரவுண்ட் போடணுமா, ரவுண்ட்அப் போடணுமா"ன்னு கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க எங்கம்மா வேலை செய்றீங்க?"ன்னார்.

12.01.2024, வெள்ளி இரவு

சம்பளம் ஏறுச்சான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. ஷிப்ட்டுக்கு 40 ரூபா. 560. ஆனா சனிக்கிழமை அஞ்சே முக்காலுக்கு வேலை முடியுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த மிச்ச நேரத்துக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்ற வேலை) பில் கணக்கையும் என் தலையில கட்டிட்டார் மேனேஜர். கட்டுபடி ஆச்சான்னா, இந்த ஜாப் ஒர்க் கணக்கு எவ்வளவு நேரம் பிடிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் சொல்லணும்.

தம்பி பழைய ஸ்டோர்லயே அரைச் சம்பளத்துக்குச் சேர்ந்துட்டதா எழுதியிருக்கார். லேபிள் கணக்குல ஏழாயிரம் லேபிள் அதிகமா வருதாம். ஒரு பெட்டியை ரெண்டு தடவை வரவு வெச்சிருப்பீங்க தம்பி, பில் நம்பரை வரிசைப்படுத்திப் பாருங்க, ஒரே நம்பர் ரெண்டு வரியில நிக்கும்.

நாளைக்கு சனி, பொங்கலுக்கு முன்னாடி வர்ற சம்பளம். எல்லாரும் சில்லறை கேப்பாங்க. பேங்க்ல பத்து ரூபாக் கட்டு ரெண்டு சொல்லி வெச்சிருக்கேன், மூணாச் சொல்லியிருக்கணும்.